பதினான்கு செக்கன்

விடிய நாலே கால்.
கொட்டியாரக்குடா எண்ணெய் மாதிரிக் கிடக்கிறது.
முனைக்கு வெளியே
பறவை எச்சம் படிந்த மஞ்சள் மிதவை
ஓர் எண் அனுப்புகிறது:
அலைக்கும் அலைக்கும் இடையே
பதினான்கு செக்கன்.

நேற்று ஏழு.
எங்கோ, நான் காணாத புயல் ஒன்று
அவிழ்ந்திருக்கிறது.
மேலதிகாரியின் கையெழுத்து
எட்டு மணிக்குத்தான் வரும்.

மூதூர் இறங்குதுறைக்கு எடுத்தேன்.
"முதல் படகை நிறுத்துங்க, றிஸ்மின்."
"மிஸ், கடல் தூங்குது.
கிளினிக்குப் போற சனம் நிக்குது."
"தூக்கமில்லை. மூச்சு நீண்டிருக்கு."

ஒன்பதரைக்குத்
துறையில் கட்டிய டயர்கள்
ஒவ்வொன்றாய்த் தண்ணிக்குள் போய் வந்தனவாம்.
றிஸ்மின் சொல்லவில்லை.
பஸ்ஸில் சுற்றிவந்து
கிளினிக்கைத் தவறவிட்ட ஒருத்தி சொன்னாள்,
என்னைத் திட்டிக்கொண்டே.