ஏழாம் தலைமுறைக் கொடுவா

குருநகர்க் கரையிலிருந்து
ஒரு சுருட்டுத் தூரத்தில் என் கூடுகள்.

இடது கூட்டில் களப்பில் பிடித்த குஞ்சுகள்.
வள்ளத்தின் நிழல் விழுந்தாலே
வலையின் அடிமூலைக்கு ஓடிவிடும்.
வலதில் பொரிப்பகத்துப் பிள்ளைகள்.
வாளியைத் தட்டினால்
வாய் வாயாய் மேலே வரும்.

ஒரே உப்பு, ஒரே தீன்.

“மிரண்டது பெருக்கேல்லை.
பெருத்ததைத்தான் சினைக்கு விட்டம்,
ஏழு தலைமுறையா,” என்றா
பொரிப்பகத்துப் பெர்பெற்றுவா.

கார்த்திகை வாடையில் இரண்டு வலையும் கிழிந்தன.
இடதுகள் போயே போயின.
வலதுகள் வெளியே வந்து
கூட்டைச் சுற்றியே நின்றன.

விடிய ஓர் ஆலா தாழப் பறந்தது.
நிழலைக் கண்டதும்
எல்லாம் மேலே வந்தன,
வாய் திறந்து.

வாளியைத் தட்டினேன்,
வள்ளத்தடிக்காவது வரட்டுமென்று.
மிஞ்சினவை வந்தன.

மூன்றாம் நாள்
ஆலாவும் வந்தது
அந்தச் சத்தத்துக்கு.