ஈடு

தம்புச் செட்டித் தெருவில் இரண்டாம் மாடி.
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்,
நோட்டரி முத்திரை தனி.
பிறப்பு, இறப்பு, சாதி, திருமணம்
எதைக் கொடுத்தாலும் ஆங்கிலமாக்கித் தருவேன்.
லிஃப்ட் ஓடாது.
ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டேதான்
கணவர் பெயரைச் சொல்வார்கள்.

ராயபுரத்து ரெஜினாள் கொண்டுவந்த மனுவில்
அவள் கையெழுத்திலேயே ஒரு வரி:
'நான் இவருக்கு 2019 ஜனவரியில் வாக்கப்பட்டேன்.'
வாழ்க்கைப்பட்டேன் என்று திருத்தப் போன பேனா
பாதியில் நின்றது.
வாக்கு. பட்டேன்.
யார் வாயில் எப்போது தேய்ந்ததோ,
தேய்ந்த பிறகுதான் அது சரியாக இருந்தது.

மேரீட் என்று அடித்தேன். அழித்தேன்.
வெட் என்று ஒன்று இருக்கிறதே, மூன்றே எழுத்தில்.
சின்ன வயதில் வெட்டிங் என்று கேட்டால்
எதையோ வெட்டப் போகிறார்கள் என்று நினைப்பேன்.
மறுநாள் கறிவிருந்து இருக்கும் என்பதால்
சந்தேகமும் வந்ததில்லை.

என் அகராதிக்கு முதுகு கழன்று நாளாகிறது.
ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.
கடைசியில், வெள்ளத்தில் நனைந்து உப்பிய தாள்களில்
டபிள்யூ.
வெட்: பழைய ஆங்கிலத்தில் பிணைப்பொருள், அடகு.
கல்யாணம் அப்புறமாக வந்து சேர்ந்ததாம்.
சொன்ன சொல்லுக்காக எடுத்து வைப்பது,
சொல் தவறினால் திரும்பி வராதது.
பந்தயத்துக்கும் கூலிக்கும் அவர்கள் சொல்லும் சொற்கள்
இதற்கு ஒன்றுவிட்ட உறவு.
வெட்லாக்கில் இருக்கிற லாக் பூட்டே இல்லை,
செய்கை என்று பொருள்படும் ஒரு வால்.

சிரித்துவிட்டேன்.
'என்ன சிஸ்டர்?' என்றாள் ரெஜினாள்.
'ஒண்ணுமில்ல, ஸ்பெல்லிங்.'

என் கழுத்தில் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு.
நாலரைப் பவுன் தங்கசாலைத் தெருவில்
பழுப்பு உறைக்குள் படுத்திருக்கிறது.
உறைமேல் மங்கையர்கரசி,
ஒரு க் விட்டுப்போய்.
சீட்டு என் ஆதார் அட்டைக்குப் பின்னால்.
அந்தக் காசில் வந்த லேசர் பிரிண்டர்தான்
ஊராருடைய கல்யாணங்களை
இருமி இருமித் துப்புகிறது.

திருவொற்றியூர் மண்டபத்தில் மூன்று முடிச்சில்
ஒன்றுதான் குலசேகரன் போட்டது.
மற்ற இரண்டும் அவன் தங்கச்சி.
கழற்றியது மட்டும் அவன் ஒருவனே.
சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே
சங்கிலிக் கொக்கி சிக்கிக்கொண்டது.
நகத்தால் பார்த்தான், ஊக்கால் பார்த்தான்,
கடைசியில் குனிந்து பல்லால் இழுத்தான்.
பின்கழுத்தில் அவன் மூச்சு, காபி வாசனை.
'பொங்கலுக்குள்ள மீட்டுடறேன்' என்றான்,
என்னிடம் இல்லை, கொக்கியிடம்.
மேளம் கிடையாது. அட்சதை கிடையாது.
ஃபிரிட்ஜ் மட்டும் ஒருதரம் உலுக்கிக்கொண்டு நின்றது.

சொன்னது போன பொங்கல்.

ஈடு என்கிறோம் நாம்.
அடகு வைத்ததும் ஈடு, சரிக்குச் சரியும் ஈடு,
இழந்ததற்குக் கொடுப்பதும் ஈடு.
புளியந்தோப்பில் எங்கள் வீடு மாதிரி,
ஒரே வாசல், மூன்று மீட்டர்.
எது யார் கரண்ட் என்று
பில் வரும்போது மட்டும் சண்டை.

விசா அதிகாரிக்கு எதற்கு இதெல்லாம்.
மேரீட் என்றே அடித்துக் கொடுத்தேன்.
ரெஜினாள் அந்த வரிமேல் விரல் வைத்தாள்.
'நான் எழுதினதுதானே?'
'அதேதான்.'
முந்நூறில் இருபது குறைந்தது அவளிடம்.
நாளைக்குத் தருகிறேன் என்று
நான் கேட்காமலே
குடையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

ஆறு மணிக்குப் பாரிமுனையில் மழை பிடித்தது.
பூப்போட்ட குடை, புதுசு,
கைக்கெட்டும் தூரத்தில்.
பிரிக்கவில்லை.
ஃபைல் ஒன்றைத் தலைமேல் பிடித்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.