ரெண்டு தரம் லைற்

விடியப்புறம் மூண்டரை.
பரந்தன் சந்தியில புதுசா நட்ட சிவப்பு லைற்
தொண்ணூறில இருந்து கீழ எண்ணுது.
குறுக்கால போக ஒரு கட்டாக்காலி மாடுமில்லை.
மேல ஒரு கமரா,
இமைக்காமல்,
என்ர பட்டாவின்ர நம்பரை எழுத்துக்கூட்டிப் பாக்குது.

பின்னால எட்டுப் பெட்டி நண்டு,
கால் கட்டினதுகள்.
பூநகரிக் கடல் இன்னும் அதுகளின்ர வாயில நுரைக்குது.
வவுனியாக் கொம்பனிக்காரன் செத்ததை எடுக்கான்.
ஆறு மணி தாண்டினால்
உயிரோட போனதையும் பாதி விலைக்குத்தான் நிறுப்பான்.

அறுபத்திரண்டு.
அறுபத்தொண்டு.

ஓமந்தையில ஒருக்கால்
ரெண்டு பகல் ஒரு இரவு நிண்டவன் நான்,
லொறி ரயருக்குக் கீழ படுத்து,
ஆரோ கையசைக்குமட்டும்.
அப்ப எனக்குக் கோவமே வரேல்ல.
இப்ப ஒரு பல்ப்போட சண்டை பிடிக்கிறன்.
சுகிர்தாட்டைச் சொன்னன், சிரிச்சாள்:
"கோவம் வாற அளவுக்கு நிலமை நல்லா வந்திட்டுது, என்ன?"

போன மாசம் கொக்காவில்.
எதிர வந்த மணல் டிப்பர் ரெண்டு தரம் லைற் அடிச்சான்.
இந்த றோட்டில அதுக்கு ஒரே கருத்துத்தான்.
கையை உயத்தி நன்றி சொன்னன்,
காலைத்தான் எடுக்கப் பிந்திப்போச்சு.
பாலை மரத்துக்குப் பின்னால இருந்து
ஒரு வெள்ளைக் கையுறை றோட்டுக்கு இறங்கிச்சு.

எழுபதுக்கு எழுபத்தாறாம்.
அந்த ஆறை நான் என்ன செய்தன் சேர்,
பொக்கற்றுக்கையா வைச்சிருக்கிறன்?
கேக்கேல்லை.
மனதுக்குள்ள நல்ல சிங்களத்தில கேட்டன்.
தண்டப் பத்திரத்தில என்ர பேர் இருக்கவேண்டிய இடத்தை
குத்துமதிப்பா நம்பிக் கையெழுத்து வைச்சன்.

பதினாலு நாள் தவணை.
முதல் பன்னிரண்டு நாளும் மூவாயிரம் இல்லை.
பதின்மூண்டாம் நாள் தபால் கந்தோரில கறண்ட் இல்லை.
கடைசி நாள் பொலிசில சேர் சாப்பிடப் போட்டார்.
லாச்சியைத் திறந்தால்
றப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டு லைசன்ஸ்.
ஆரோ தெரியாத ஒருத்தன்ர கன்னத்தோட
என்ர கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது.

நாப்பது.

அண்டைக்குத் திரும்பி வரேக்க முறிகண்டி.
அங்க லைற் இல்லை, கோடு இல்லை, கமரா இல்லை.
எல்லாம் தானா நிக்குது.
சொகுசு பஸ், சீமெந்து லொறி, ஆமிக்காரன்ர ட்ரக்,
லாண்ட்மாஸ்ரர் ஓட்டி வந்த ஒரு பெடியன்.
நிக்காமல் போறவனுக்கு ஆரும் துண்டெழுதினதாக் கேள்விப்படேல்ல.
தேங்காய் உடைக்கிற இடத்தில
எனக்கு முன்னால குனிஞ்சு நிமிந்தவர் விஜேகோன்.
அதே ஆள். கையுறை இடுப்புப் பட்டியில தொங்குது.
என்ன நேத்தி எண்டு தெரியாது,
முதல் அடியிலயே சரிபாதியாப் பிளந்தது.
என்னைக் கண்டு பிடிச்சவருக்கு
என்னை அடையாளம் தெரியேல்ல.
கச்சான் சரையை நீட்டினார்.
ரெண்டே ரெண்டு எடுத்தன்.
ஒண்டு சொத்தை.

பத்தொன்பது. பதினெட்டு.
பின் பெட்டியில சுரண்டுற சத்தம் குறைஞ்சு வருது.
அது நித்திரையோ, மற்றதோ,
நண்டில வித்தியாசம் சொல்லேலாது.

பதினொண்டில
கிளச்சை விட்டிட்டன்.

சந்தி கடந்து
கரடிப்போக்குப் பக்கம் திருப்பேக்க
முதுகுக்குப் பின்னால, கண்ணாடி முழுக்க,
பளிச் எண்டு ஒருக்கால்.
பிறகு இன்னொருக்கால்.

இருபத்தொரு வருசப் பழக்கம்.
முன்னால பொலிஸ் நிக்கிறாங்கள் போல,
ஆரோ நல்லவன் சொல்லிப் போறான் எண்டு
காலை எடுத்து
நாப்பதுக்கு இறக்கி
யன்னலால கையை நீட்டி
நன்றியும் சொல்லிப்போட்டன்.