பூச்சியம் பைட்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடையின் மூன்றாம் மாடி.
பதினொரு பேர், பதினொரு கறுப்புத் திரை.
மௌஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார் ரொசலின்.
"சர்வருக்கு முகம் கிடையாது.
கேட்டால் சொல்லும்.
கேட்காததைச் சொல்லாது."

வங்கியிலிருந்து ஃபர்ஸான்.
ஆஸ்பத்திரியிலிருந்து லக்மால்.
பிரதேச சபையிலிருந்து யோகமலர்,
ஐந்து மாதக் குழந்தையை விட்டு வந்தவள்;
பத்து நிமிடத்துக்கொருமுறை போனைத் தட்டி
உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பாள்,
நாங்கள் சர்வரைப் பார்ப்பதுபோல.
நான் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம்.
பதவி கணினி உத்தியோகத்தர்;
பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பவனும் நானே.

முதல் சனிக்கிழமை அனுமதிகள்.
வாசிக்க நாலு, எழுத இரண்டு, இயக்க ஒன்று.
"எல்லாருக்கும் ஏழு கொடுப்பவன் தர்மவான் இல்லை,
சோம்பேறி."
ரூட் என்றால் யார் என்று கேட்டார்.
"பெரிய தொரை" என்றது பின்வரிசை.
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
"தொரை பிழைவிட்டால்
ஒரு கணக்கப்பிள்ளையாவது இருமிக் காட்டுவார்.
ரூட்டிடம் யாரும் கேட்பதில்லை,
நிச்சயமா என்று."

நாலாம் சனி.
சோற்றுக்கு இறங்கிப் போய்த் திரும்பினால்
எல்லார் தரவும் அழிந்திருந்தது.
"பேக்கப் எடுக்கத் தெரியும் என்றீர்களே,
கொண்டு வாருங்கள்."
ஃபர்ஸானுக்குப் பதினாலு நிமிடம்.
லக்மால் ஒரு தரம் "அனே" என்றான், வந்துவிட்டது.
என் கோப்பு திறந்தது.
உள்ளே ஒன்றுமில்லை.
வேளைக்கு ஓடியிருக்கிறது,
'வெற்றி' என்று எழுதியிருக்கிறது,
அளவு பூச்சியம்.
கட்டளையின் பாதையில் ஓர் எழுத்துக் கூடுதல்.

அந்த ஸ்கிரிப்டை நான் வகுப்பில் எழுதவில்லை.
தொழிற்சாலையில் மூன்று வருடமாக ஓடுவதை
பெயரை மட்டும் மாற்றிக்
கொண்டு வந்திருந்தேன்.

பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ்.
கால் வைத்த இடமெல்லாம் மழைத்தண்ணீர்.
நோர்வூட் தாண்டும்வரை
யாரோ என்னை ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார்,
தலையாட்டினேன்.

கேட்டில் வாச்சர் அந்தோணிமுத்து டோர்ச் அடித்தார்.
"இந்நேரத்துல என்ன தம்பி?"
"ஒரு கோப்பு பாக்கணும்."
மேல்மாடியில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது.
காத்தாடிகளின் அந்தப் பெரிய இரைச்சலுக்கடியில்
என் பெட்டியின் சின்ன இரைச்சல்,
நம்பிக்கையாக.

பட்டியல் கேட்டேன். சொன்னது.
ஆயிரத்துச் சொச்சம் இரவுகள்.
பூச்சியம் பூச்சியம் பூச்சியம்.
ஒன்றுமே சேராததால் வட்டு நிறையவில்லை,
நிறையாததால் எச்சரிக்கையும் இல்லை.
அனுமதி மட்டும் கச்சிதம்:
அந்த வெறுமையை
என்னைத் தவிர யாரும் வாசிக்க முடியாது.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழு பேரின்
சேமலாபக் கணக்கு
ஒரே ஒரு வட்டில்
சுழன்றுகொண்டிருந்தது.
பேரில் ஓர் எழுத்துப் பிசகியதற்கு
சத்தியக் கடதாசியோடு
கொழும்புக்கு நாலு தரம் அலைந்தவர்கள்.

கூடுதல் எழுத்தை அழித்தேன்.
கையாலேயே ஓட்டினேன். பதினேழு நிமிடம்.
இருநூற்றுப் பதினாறு மெகாபைட் என்றது.
நம்பவில்லை.
மூலையில் கிடந்த பழைய கணினியில் இறக்கித் திறந்து,
"அண்ணே, உங்க நம்பர் சொல்லுங்க."
கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.
இருந்தது.
பெயர்: அந்தனிமுது.

"அது முப்பது வருஷமா அப்புடித்தான்" என்றார்.

எழுதும் அனுமதி எனக்கு இருந்தது.
ஆனால் அதற்குக் கடிதம் வேண்டும்,
இரண்டு கையெழுத்து வேண்டும்.
இன்றிரவு என் வேலை
தவறையும் தவறாமல் காப்பாற்றுவது.

திங்கட்கிழமை மனேஜரிடம் சொல்ல இருக்கிறது.
அதற்கு ரொசலின்
இன்னும் பாடம் எடுக்கவில்லை.