பதினான்காம் அறையின் ஆம்

வேலூரில் நூற்றெட்டு என்றது டிவி.
டிகிரியா, பிள்ளையாருக்குத் தேங்காயா
என்று கேட்டார் ஏழாம் அறைக்காரர்.
யாரும் சிரிப்பதற்குள் கரண்ட் போனது.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்
முப்பத்தொரு அறை லாட்ஜ்.
பகல் மேனேஜர் நான், தணிகாசலம்.
வங்காளத்தில் எனக்கு எட்டு வார்த்தை தெரியும்:
தண்ணீர், சாவி, வாடகை, நாளைக்கு,
இப்படி.
ரிப்போர்ட் என்பதற்கு எல்லா ஊரிலும் ரிப்போர்ட்தான்.

மேசைக்குப் பின்னால் ஒரு ஃபிரிட்ஜ்.
கீழ்த்தட்டில் ஊசி மருந்துகள்,
டப்பா மேல் அறை எண்.
ஃப்ரீசரில் ஐந்து வருடத்துப் பனி, வேறொன்றுமில்லை.
அதைச் சுரண்டி எடுத்தேன்,
பதினான்காம் அறைக்காக.

ஷெஃபாலி அம்மா. மகள் ஜும்பா, வயது பத்தொன்பது.
மருந்து ஏற்றியதில் வாயெல்லாம் புண்.
மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.
அம்மா தன் உதட்டைத் தொட்டாள், ஊதிக் காட்டினாள்,
ஃபிரிட்ஜைக் காட்டினாள்.
தர்பூசணி ஓகேவா என்றேன்.
தொர்முஜ், என்று யோசித்தாள்.
பிறகு சொன்னாள்: "ஆம்."

ஆம்!
எட்டாம் வகுப்புத் தமிழய்யாவுக்குப் பின்
ஆமா என்றோ உம் என்றோ சொல்லாமல்
முழுசாக ஆம் என்றது இவள்தான்.
எங்கே கற்றாளோ.

செய்வது ஒன்றும் பெரிய வேலையில்லை.
கொதித்து ஆறிய நீரில் பழத்தைக் கழுவு,
கத்தியையும் கழுவு, கையை இரண்டு முறை.
விதை நீக்கித் துண்டு போடு.
எவர்சில்வர் தட்டில் பரப்பு,
ஒன்றை ஒன்று தொடக் கூடாது;
தொட்டால் விடிவதற்குள் பாறாங்கல்,
சாத்துவாச்சாரி மலையில் கொண்டுபோய் வைக்கலாம்.
ராத்திரி முழுக்க உறையட்டும்.
காலையில் மிக்சி, சிட்டிகை உப்பு,
அரை மூடி எலுமிச்சை.
அவ்வளவுதான்.

மிக்சி இருபத்திரண்டாம் அறையில் இரவல்.
இரண்டு சுற்று சுற்றியதும் கரண்ட் நின்றது.
இன்வெர்ட்டர் ஃபேனை மட்டும் இழுக்கும்.
வெந்நீரில் அலசிய துணியில் துண்டுகளை முடிந்து
ஒன்பதாம் அறைப் பூட்டால் அடித்தேன்.
சத்தம் கோட்டை அகழி வரை போயிருக்கும்.
சிவப்பாய், மணல் மணலாய், டம்ளர் நிறைய.

ஜும்பா ஒரு வாய் வைத்தாள்.
கண் இறுகியது. நீர் வழிந்தது.
எலுமிச்சை.
புண் மேல் அரை மூடி எலுமிச்சை
பிழிந்திருக்கிறேன், அறிவுகெட்டவன்.

ஷெஃபாலி அம்மா திட்டவில்லை.
எலுமிச்சைத் தோலைக் காட்டித் தலையாட்டிவிட்டு
மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, மறுபடி:
"ஆம்."
ஆமாம்மா, தப்புதான், ஆமாம், என்றேன்.
"ஆம். ஆம்."
ஆமாங்கிறேனே!

மிக்சி ஜாரைக் கேட்டு வந்த இருபத்திரண்டுக்காரர்
சுவரில் சாய்ந்து சிரித்தார்.
அண்ணா, ஆம்னா மாம்பழம்.
இவங்க மால்டாக்காரங்க.
இந்த மாசம் அங்கே
காய் கனத்துக் கிளை கூரைமேல் படுத்திருக்கும்.
மூணு நாளா அதைத்தான் கேக்கறாங்க.

சாயங்காலம் நேதாஜி மார்க்கெட்.
வெயில் இறங்கியும் தரை இறங்கவில்லை,
செருப்பு தாரில் ஒட்டிப் பிரிந்தது.
சித்தூர்ப் பக்கத்து பங்கனப்பள்ளி, இரண்டு கிலோ.
புளிக்காதே என்று நாலு தரம் கேட்டேன்.
புளிச்சா காசு வாபஸ், என்றாள் கடைக்காரி,
எனக்குக் காசா இப்போது கவலை?

உப்பில்லை. எலுமிச்சை இல்லை.
அதே தட்டு. தொடாத துண்டுகள்.
மறுநாள் பதினொன்றரைக்கு
மிக்சி ஒரே மூச்சில் ஓடி முடித்தது.
அரை டம்ளர்.
ஸ்பூனை வாயிலேயே வைத்துக்கொண்டு
ஜன்னலைப் பார்த்திருந்தாள் ஜும்பா,
உலோகம் சூடாகும் வரை.
அடுத்த ஸ்பூன்.
பிறகு இன்னொன்று.
நாங்கள் இருவரும் எண்ணவில்லை என்பதுபோல்
எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஜார் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து
ஷெஃபாலி அம்மா என் பக்கம் நீட்டினாள்.
ஏதோ கேட்டாள், என் எட்டு வார்த்தையில் இல்லாத ஒன்று.
நான் தமிழய்யாவின் தமிழில்
பதில் சொன்னேன்.