பதினெட்டு வோல்ட்

பென்டிரைவில் இன்றைக்கும் நாற்பது நிமிடம்
பதிவாகியிருக்கிறது:
நீலத் திரை, நடுவில் இரண்டு சொல்,
சிக்னல் இல்லை.

விசாலி மில்லிலிருந்து வந்து
முடியில் பஞ்சு ஒட்டியபடியே
வேதியியல் நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.
முப்பத்தெட்டு வயதில் பிளஸ் டூ.
பரீட்சைக்கு ஒன்பது வாரம்.
நீலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
"இதுல கேள்வி வருமா" என்றாள்.

வேலந்தாவளத்தில் முதலில் காற்றைத்தான் சந்தேகிப்போம்.
கணவாய்க்குள் புகுந்தால்
செக்போஸ்ட் தடுப்புக்கட்டையையே ஆட்டிவிடும்.
ஆனால் தட்டு அசையவில்லை,
அதே தென்கிழக்கை முறைத்துக்கொண்டிருந்தது.

மறுபடி தேடவிட்டேன்.
மலையாளச் செய்தி வந்தது, பக்திச் சேனல் இரண்டு வந்தது,
விடிய விடிய மாவரைக்கும் மெஷின் விற்பவர் வந்தார்.
பாடச் சேனல் வரவில்லை.
வந்ததையும் வராததையும்
கரண்ட் பில்லின் முதுகில் எழுதிவைத்துப் பார்த்தேன்.
வந்தவை எல்லாம் நின்ற அலை,
வராதவை அத்தனையும் படுத்த அலை.

நின்றதைப் பிடிக்கப் பதின்மூன்று வோல்ட் போதும்,
படுத்ததை எழுப்பப் பதினெட்டு வேண்டும்.
பெட்டியிலிருந்து பதினெட்டுதான் கிளம்புகிறது.
எனக்கு லாரி எடைமேடையில் வேலை,
கிளம்புகிற எடை வேறு, சேருகிற எடை வேறு
என்பது தெரியும்.
வழியில் எங்கே சிந்துகிறது?

வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
ஜன்னல், துணிக்கொடி, கொட்டகை ஓடு,
அப்புறம் சுவர்.
நான்கு வருடம் முன் பாகம் பிரித்தபோது
குண்டா எண்ணினோம், தென்னை எண்ணினோம்,
படி வைக்காத மொட்டைமாடி அண்ணனுக்குப் போனது,
மாடியிலிருந்த தட்டை எண்ண மறந்துவிட்டோம்.
அன்று கோபத்தோடு நான் ஒட்டிய முப்பது மீட்டர் வயர்.
ஒட்டிய இடம் சுவரின் உச்சியில்.
கறுப்பு டேப்பைப் பிரித்தால்
உள்ளே பச்சைப் பொடி.

விசாலி நோட்டோடு வந்து குனிந்தாள்.
"செப்பு கார்பனேட்.
இது பாடத்துல இருக்கு."

ஒட்டுப்போட்டால் மறுபடி பச்சைதான்.
முழு வயரையும் மாற்றவேண்டும்,
மறுமுனை மேலே இருக்கிறது.

நாச்சிமுத்து அண்ணன் வேப்பங்குச்சியோடு நின்றார்.
நான்கு வருடமாக எங்களுக்குள் 'ம்' மட்டும்தான்.
"மாடிக்குப் போகணும்."
"எதுக்கு?"
"பதினெட்டு வோல்ட் வரல."
யோசித்தார். துப்பினார்.
"ஏணி உன் பாகத்துலதான இருக்கு."

சுவர் தாண்டித் தூக்க முடியவில்லை.
தெரு சுற்றிக் கொண்டுபோனேன்,
டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மேலே திருகுகிறேன்.
விசாலி உள்ளிருந்து சொல்வது காற்றில் போய்விடுகிறது.
இடையில் அண்ணன்,
சுவரில் முழங்கை ஊன்றி
அவள் சொல்வதை எனக்குச் சொல்கிறார்:
சைபர்.
சைபர்.
பதினொன்னு. விட்டுட்டே, பழையபடி வா.
நாப்பது.
அங்கியே நில்லு.
அறுபத்தியெட்டு.

அறுபத்தியெட்டு போதுமாடா?