இருபதாம் நாள்

பூத்த தேதியைச் சீட்டில் எழுதிக்
காம்பில் கட்டினேன்: சித்திரை மூன்று.
சாக்கோட்டைக்குத் தெற்கே, அடைக்கலத்தின் கிணற்றடிச் செம்மண்.
"பூவுக்குச் சீட்டா? ரேசன் கடையா நடத்துறீக?"

பத்தாம் நாள் விதையை நகத்தால் அழுத்தினேன்.
பால்தான் வந்தது.
எண்ணெய் என்று சொல்ல ஒரு கசிவு.
அதிலும் பால்மிட்டிக்கின் பங்கு மிகுதி,
வளையாத நேர்ச்சங்கிலி,
கொஞ்சம் குளிர்ந்தாலே உறைந்துபோகும்.

பதினைந்தில் தோல் கறுத்தது.
உள்ளே ஓலிக் ஏறிக்கொண்டிருந்தது,
நடுவில் ஒரே ஒரு வளைவோடு.

இரண்டாவது வளைவை இடுவது ஒரு நொதி.
அதற்கு இரவு குளிர வேண்டும்.
தையில் முற்றும் விதையில் ஓடியாடி வேலைசெய்யும்,
ஓலிக் லினோலிக்காய் மாறும்.
இங்கே, இந்தச் சித்திரையில்,
விடியற்காலை மூன்று மணிக்கும்
வெப்பமானி இருபத்தொன்பதை விட்டு இறங்கவில்லை.
மின்விசிறிக்கு அடியில் படுத்து
நானே ஒரு வேலையும் செய்யவில்லை.
நொதியை என்ன சொல்ல?

இருபதாம் நாள்
கொசுவலைப் பை மூன்றும் கிழிந்து கிடந்தன.
கிளி.
வெறும் தட்டுகள். காம்பில் என் சீட்டுகள்:
சித்திரை மூன்று, சித்திரை மூன்று,
ஒன்றில் மூன்றும் பாதி எச்சம்.
எண்ணெய் வேகமாக ஏறும் வாரம் இது.
பால் விதையாய் இருந்தவரை
கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன கிளிகள்தாம்.

"பக்கத்துப் பூவ எடுத்துக்கங்க, எல்லாம் ஒரே விதைதான?"
பக்கத்துப் பூ மலர்ந்தது ஏழாம் தேதி.
அதற்கு இன்று வயது பதினாறு.

இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து.
தலை கவிழ்ந்து, பின்புறம் எலுமிச்சை நிறமாகி,
காரைக்குடி ஆய்வகத்தில் கருவி வரைந்த கோட்டில்
ஓலிக்கின் முகடு உயரமாகவே நின்றது,
லினோலிக் எட்டிப் பிடிக்கவில்லை.

புதுவயல் ஆலைக்காரர்
ஒரு விதையைக் கடித்துப் பார்த்து
"ஈரம் இருக்கு" என்று விலையில் இரண்டு ரூபாய் குறைத்தார்.
வளைவு ஒன்றா இரண்டா என்று யாரும் கேட்கவில்லை.

"பதினைந்தையும் இருபத்தைந்தையும்
கோடு போட்டு இணைச்சிடும்மா" என்றார் இருதயமேரி மேடம்.
இணைக்காமல் விட்டேன்.

மீதிப் பணம் வாங்க வந்த அடைக்கலம்
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்த ஓட்டை?"
கிளி தின்ற நாள் என்றேன்.
"அப்பச் சரியாத்தான் போட்டிருக்கீக."